சவரக்கத்தி இழுக்கிறதா, எரிகிறதா, கீறுகிறதா? அறிகுறி பார்த்துக் கூர் திருத்தும் வழிமுறை

மடக்குச் சவரக்கத்தி சரியாக மழிக்கவில்லை என்று தோன்றியவுடன் கல்லைத் தேடிப் போவதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. கல்லில் தேய்ந்த எஃகு திரும்பி வருவதில்லை. அத்துடன், பழகாத கை ஒவ்வொரு முறை கல்லைத் தொடும்போதும் நன்றாக இருந்த இன்னோர் இடத்தையும் கெடுத்துவிடக்கூடும். "மழுங்கிவிட்டது, தீட்டிக் கொடுங்கள்" என்று என்னிடம் வந்த கத்திகளில் பலவற்றுக்குக் கல்லே தேவைப்படவில்லை. சிலவற்றுக்குத் தோல்வாரில் (கத்தியைத் தீட்டும் தோல் பட்டையில்) ஒழுங்காக அறுபது முறை தீட்டினால் போதுமாக இருந்தது. சில கத்திகளில் குறையே இல்லை, முகத்தில் நுரைதான் காய்ந்திருந்தது. ஆகவே இங்கே சொல்லப்படும் பெரும்பாலான அறிகுறிகளுக்கும் சந்தேகத்தின் வரிசை ஒன்றுதான்: முதலில் முகமும் கையும், அடுத்துத் தோல்வார், அதன் பிறகு 12000 எண் போன்ற மெருகுக் கல் (எண் ஏற ஏறக் கல் நுண்மையாகும்), இவை எல்லாம் பயன்படாதபோது மட்டும் 1000 எண் கல்.

உறுப்புகளின் பெயரை ஒருமுறை தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. வெட்டும் விளிம்பை வாய் என்றும், அதற்கு எதிரே தடித்திருக்கும் பகுதியை முதுகு என்றும், கைப்பிடியை ஒட்டிய முனையை அடி என்றும், மறுமுனையை நுனி என்றும் குறிப்பிடுகிறேன். வாயின் இருபுறமும் கல் தேய்த்து உண்டாக்கிய மெல்லிய பளபளப்பான பட்டை இருக்கும், அதுவே சரிவு. சமையல் கத்தியைப் போலக் கோணத்தைக் கையால் பிடிக்க வேண்டிய தேவை சவரக்கத்தியில் இல்லை. கல்லின் மேல் படுக்க வைத்தால் முதுகும் வாயும் ஒருசேரத் தொடும். முதுகின் தடிமனே கோணத்தை நிர்ணயிக்கிறது. முதுகு 5 மி.மீ. தடிமனும், முதுகு கல்லைத் தொடும் இடத்திலிருந்து வாய் வரை 18 மி.மீ. அகலமும் உள்ள கத்தியில் இரண்டு சரிவுகளும் சேரும் கோணம் ஏறக்குறைய 16 பாகை. கல்லிலும் சரி, வாரிலும் சரி, முதுகைத் தூக்கக் கூடாது என்று எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்: முதுகு சற்றே எழும்பினாலும் அந்த 16 பாகை கெட்டுவிடுகிறது.

எதையும் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பளிச்சென்ற ஒற்றை விளக்கின் கீழ், வாய் நேராகக் கண்ணை நோக்கி இருக்கும்படி கத்தியைப் பிடித்து, மெல்லச் சாய்த்துப் பார்க்க வேண்டும். கூரான வாய்க்கு ஒளியைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு அகலம் கிடையாது. ஆகவே அது கண்ணுக்குத் தெரியாது. எங்கேனும் ஒரு வெள்ளைக் கோடோ, நட்சத்திரம் போல ஒரு புள்ளியோ மின்னினால், அந்த இடம் மடிந்தோ தட்டையாகியோ பெயர்ந்தோ இருக்கிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் சிறிய கண்ணாடி ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. அதற்கு மேல் பெரிதாக்கும் கருவிகள் கவலையைத்தான் பெரிதாக்குகின்றன.

இரண்டாவது சாட்சி படிகாரக் கல். சவரம் முடிந்து முகத்தைக் கழுவியதும் ஈரப் படிகாரத்தை முகம் முழுவதும் தடவினால், தோல் எங்கெல்லாம் உராய்ந்திருக்கிறதோ அங்கெல்லாம் எரியும். முகம் முழுக்கச் சீராக எரிந்தால் கத்தியின் வாயையோ கையின் அழுத்தத்தையோ சந்தேகிக்கலாம். தாடை வளைவில் மட்டும், மேலுதட்டில் மட்டும் என்று இடம் பிரித்து எரிந்தால் குறை பெரும்பாலும் கத்தியில் இல்லை, பிடித்த கோணத்தில் இருக்கிறது.

பெருவிரல் நகத்தின் மேல் வாயை இழுத்துப் பார்க்கும் பழைய வழக்கத்தை, மழிப்பதற்கு ஆயத்தமான கத்தியில் செய்ய வேண்டாம். 1000 எண் கல்லில் இருக்கும் கத்தியில் பிசிறு (வாயில் நீண்டு நிற்கும் மெல்லிய எஃகுத் தகடு) உண்டா என்று பார்க்க அது உதவும். மெருகேறிய வாயை நகம் கெடுத்துவிடும். தொங்கும் ஒற்றைத் தலைமுடியை வாயில் தொட்டு அறுபடுகிறதா என்று பார்க்கும் சோதனையும் முழு நம்பகமானதன்று. முடியின் பருமன், ஈரம், எந்த முனையைப் பிடித்திருக்கிறோம் என்பதையெல்லாம் பொறுத்து விடை மாறும். தன் தலைமுடியை மட்டுமே வைத்து, தன் கத்தி நன்றாக மழித்த நாளில் எப்படி அறுத்தது என்று நினைவு வைத்துக்கொண்டு ஒப்பிடுபவருக்குத்தான் அது பயன்படும்.

நேற்று வரை நன்றாக மழித்த கத்தி இன்று இழுக்கிறது

ஒரே இரவில் வாய் மழுங்குவது அரிது. ஆகவே முதல் கேள்வி, இன்று வேறு என்ன மாறியது என்பதே. முகத்தை வெந்நீரில் நனைத்து இரண்டு மூன்று நிமிடமாவது முடியை ஊறவிட்டீர்களா? நுரை ஈரமாக இருந்ததா, அல்லது கன்னத்தில் காய்ந்து செதிலாகிவிட்டதா? உலர்ந்த முடி ஊறிய முடியைவிட மிகக் கடினமானது. எந்தக் கூரும் அதை வலியில்லாமல் அறுக்காது. அடுத்தது கோணம். முதுகு கன்னத்திலிருந்து ஏறக்குறைய 30 பாகை எழும்பியிருக்க வேண்டும். அதைவிட மிகவும் படுத்தால் முடியைப் பிடித்து இழுக்கும்; மிகவும் நிமிர்ந்தால் தோலைச் சுரண்டும். மற்றொரு கை தோலை இழுத்துப் பிடித்திருந்ததா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் வழக்கம் போல இருந்தும் இழுத்தால் வாருக்குப் போகலாம். முதலில் வாரோடு இருக்கும் துணிப்பட்டையில் இருபது முப்பது முறை, பிறகு தோலில் ஐம்பது அறுபது முறை, போய் வருவதை ஒன்றாக எண்ணி, தீட்ட வேண்டும். மறுநாள் சவரம் சரியாக இருந்தால் சிகிச்சை அங்கேயே முடிந்தது.

சரியாகவில்லையா? கத்தி கடைசியாகக் கல்லைக் கண்டு பல வாரங்கள் ஆகியிருந்தால், இழுப்பு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிவந்திருந்தால், அது இயல்பான தேய்மானம். முடியோ மென்மையானது, எஃகோ கடினமானது, பின் எப்படித் தேய்கிறது என்ற ஐயத்துக்கு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் சயன்ஸ் இதழில் விடை தந்தார்கள். முடி எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. ஆயினும் முடி வளைந்து வாயைச் சாய்வாகத் தாக்கும்போது, எஃகின் நுண்ணமைப்பில் கடினமும் மென்மையும் சந்திக்கும் இடம் அதே புள்ளியில் அமைந்துவிட்டால், அங்கே ஒரு துணுக்கு பெயர்ந்துவிடுகிறது. அவர்கள் ஆராய்ந்தது பயன்படுத்தி எறியும் பிளேடுகளை. என்றாலும் நம் கத்திக்கும் பாடம் பொருந்துகிறது. முடியை நன்றாக ஊறவைப்பது முகத்துக்குச் செய்யும் உபசாரம் மட்டுமன்று, வாய்க்கும் செய்யும் உபசாரமே.

இத்தகைய தேய்மானத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. 0.5 மைக்ரான் குரோமியம் ஆக்சைடு பசை தடவிய தனி வாரிலோ தட்டையான மரப்பலகையிலோ எட்டுப் பத்து முறை இழுத்து, பிறகு வெறும் தோலில் வழக்கம் போலத் தீட்டுவது ஒன்று. மெருகுக் கல்லில் நீர் தெளித்து, கத்தியின் எடையை மட்டும் விட்டு, பத்துப் பதினைந்து முறை தள்ளி இழுப்பது மற்றொன்று. நான் இரண்டாவதையே விரும்புகிறேன். பசை உடனே பலன் தருகிறது, உண்மை; ஆனால் அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் வாயின் விளிம்பு உருண்டு கோணம் அகலமாகிறது, பிறகு எப்படியும் கல்லுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். எதுவானாலும், அன்றாடம் தீட்டும் வாரில் மட்டும் பசையைத் தடவிவிடக் கூடாது. தோலில் ஒருமுறை ஏறிய பசையை முழுதாக நீக்குவது மிகவும் கடினம்.

வாரில் தீட்டத் தீட்டக் கூர் குறைகிறது

இது தொடங்குபவர் எல்லோருக்கும் நேர்வது; எனக்கும் நேர்ந்தது. கல்லிலிருந்து எடுத்த கத்தி கை முடியைத் தொட்டவுடன் வழித்தது. வாரில் ஐம்பது முறை தீட்டிய பின் அதே முடியைத் தடவிவிட்டுப் போனது. ஒரு வாரம் கல்லைக் குறை சொன்ன பிறகுதான், திருப்பும் போது என் மணிக்கட்டு செய்த வேலை கண்ணில் பட்டது. வாரின் முடிவில் கத்தி நின்று திரும்புவதற்கு முன்பே, நகர்ந்துகொண்டிருக்கும் நிலையிலேயே முதுகைத் தூக்கியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வாய் தோலில் குத்திட்டு, மயிரிழையில் மடிந்திருக்கிறது.

சரியான அசைவு இப்படி இருக்க வேண்டும். வாரை ஒரு கை நன்றாக இழுத்துப் பிடிக்கிறது. முதுகு முன்னே செல்ல, வாய் பின்னே வர, கத்தி தட்டையாகக் கிடந்தபடி நகர்கிறது. முடிவில் கத்தி ஒரு கணம் நிற்கிறது. பிறகு முதுகு தோலை விட்டு எழாமலேயே, முதுகை அச்சாக வைத்து வாய் மேல்நோக்கி உருண்டு மறுபுறம் படுக்கிறது. இந்தச் சுழற்சியை விரல்கள் செய்ய வேண்டும், மணிக்கட்டு அன்று. கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே உள்ள தண்டைப் பென்சிலை உருட்டுவது போலப் பெருவிரலும் சுட்டுவிரலும் உருட்ட வேண்டும். வேகம் வேண்டவே வேண்டாம். பத்து விநாடியில் இருபது முறை அடிப்பவரைப் பார்த்து வியக்கலாம். கற்கும் காலத்தில் பின்பற்றினால் வாரில் வெட்டு விழும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது வாரின் தொய்வு. தொய்ந்த வாரில் தோல் வாயைச் சுற்றி வளைந்து ஏறி, அதன் விளிம்பை உருட்டிவிடும். வாரை இறுக்கிப் பிடித்த பிறகும் தொய்வு தெரிகிறது என்றால், அழுத்தம் கூடுதலாக இருக்கிறது என்று பொருள். கத்தி தோலைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும், தோலில் புதையக் கூடாது. உட்குழிவு மிகுந்த மெல்லிய அலகு வாரில் மெல்லிய ஓசை எழுப்பும். அந்த ஓசை அடி முதல் நுனி வரை ஒரே சீராக இருந்தால் வாய் முழுதும் தோலைத் தொடுகிறது. நடுவில் ஓசை அடங்கினால் அங்கே கத்தி தூக்கிக்கொண்டிருக்கிறது.

வார் மேற்பரப்பையும் உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். வெட்டுப்பட்டு எழுந்து நிற்கும் தோல் மடல், காய்ந்த சோப்புத் துளி, கல்லிலிருந்து ஒட்டிவந்த துகள், இவற்றில் எது இருந்தாலும் வாய் அதில் முட்டும். சிறு வெட்டை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்தலாம். எழுந்த மடலைப் பசை வைத்து ஒட்டி, காய்ந்த பின் தேய்க்கலாம். மற்றபடி வாருக்கு எண்ணெய் ஊற்றிக் குளிப்பாட்ட வேண்டியதில்லை. தினமும் உலர்ந்த உள்ளங்கையால் பத்து முறை அழுத்தித் தடவினால், கையின் எண்ணெய்ப் பசையே தோலைப் பதமாக வைத்திருக்கும்.

மடிந்த வாயைச் சரிசெய்ய மெருகுக் கல்லில் பத்துப் பதினைந்து முறை போதும். பிறகு வாரில் இருபது முறை மட்டும், பொறுமையாக.

புதிதாக வாங்கிய கத்தி முதல் நாளே மழிக்கவில்லை

புதிய கத்தி என்றால் கூராகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையைக் கைவிட வேண்டும். ஆலையிலிருந்து வரும் கத்திகளில் பலவற்றின் வாய் மழிக்கும் தரத்துக்குத் தீட்டப்பட்டிருப்பதில்லை. பழங்கத்திகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்த அறிகுறிக்குக் கல்தான் முதல் மருந்து. அதிலும் 12000 எண் கல்லில் தொடங்குவது நேரத்தை வீணாக்குவதாகும். இரண்டு சரிவுகளும் வாயின் விளிம்பில் வந்து சேராதவரை, மெருகுக் கல் மழுங்கலைத்தான் பளபளப்பாக்கும்.

சரிவுகள் சேர்ந்திருக்கின்றனவா என்று அறிய மார்க்கர் பேனா போதும். இருபுறச் சரிவிலும் வாய் வரை மை பூசிக் காயவிட்டு, கல்லில் இரண்டே முறை இழுத்துப் பார்க்க வேண்டும். மை முழுதும் அழிந்தால் கல் வாயைத் தொடுகிறது. வாயை ஒட்டி மயிரிழை போல மைக்கோடு எஞ்சினால், சரிவு இன்னும் வாயின் விளிம்பை எட்டவில்லை. ஓரிடத்தில் மட்டும் மை இருந்தால், அந்த இடத்தில் கல்லோ கத்தியோ தட்டையாக இல்லை.

அதற்கு முன் கல்லைப் பார்க்க வேண்டும். இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரே கத்தியை மூன்று வாரம் விட்டு விட்டுத் தேய்த்தும் நடுப்பகுதி ஏறவில்லை. கத்தி வளைந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். கடைசியில் கல்லின் மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடுகள் வரைந்து, தட்டையான கண்ணாடிப் பலகையில் நனைத்து ஒட்டிய நீர்த்தாளின் (நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) மேல் கல்லைக் கவிழ்த்துத் தேய்த்தபோது, ஓரத்துக் கோடுகள் உடனே அழிந்தன. நடுவில் உள்ளங்கை அளவுக்குக் கோடுகள் அப்படியே இருந்தன. குழிந்தது கல், பழி சுமந்தது கத்தி. கடைசிப் பென்சில் கோடு அழியும் வரை தேய்த்த பிறகு, மூன்று வாரம் ஏறாத வாய் ஒரே மாலையில் ஏறிற்று. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் தேய்ப்பதற்கு முன் பென்சில் கோடு போடாமல் நான் கல்லில் கத்தி வைப்பதில்லை. நீர்த்தாளுக்குப் பதில் 400 எண் வைரத் தகடும் இதற்கு ஏற்றது.

சமப்படுத்திய 1000 எண் கல்லில், முதுகும் வாயும் சேர்ந்து தொட, வாய் முன்னே செல்லும்படி தள்ள வேண்டும். வாரில் செய்ததற்கு இது நேர் எதிர். இங்கே சற்று அழுத்தம் கொடுக்கலாம், ஆனால் உட்குழிவு மிகுந்த மெல்லிய கத்தியில் அழுத்தம் கூடினால் அலகு வளைந்து வாய் கல்லை விட்டு எழும்பிவிடும். தேய்வது போலத் தோன்றும், தேயாது. இருபுறமும் சம எண்ணிக்கையில் தேய்ப்பது முக்கியம். முதுகில் ஏற்கெனவே அதிகத் தேய்மானம் இருந்தாலோ, அலங்கார வேலைப்பாடு இருந்தாலோ, மின்கம்பிக்குச் சுற்றும் நாடாவை ஒரு சுற்று முதுகில் ஒட்டிக்கொள்ளலாம். அப்படி ஒட்டினால் கடைசிக் கல் வரை ஒட்டியே இருக்க வேண்டும், ஏனெனில் நாடாவின் தடிமனும் கோணத்தில் சேர்ந்துவிட்டது.

1000 எண் கல்லில் வேலை முடிந்தது என்பதற்கு அடையாளம்: வாயின் எந்தப் பகுதியைக் கொண்டும், தோலை ஒட்டி, அழுத்தாமல், கை முடியை வழிக்க முடிய வேண்டும். அடியில் வழிக்கிறது, நடுவில் வழிக்கிறது, நுனியில் தடவுகிறது என்றால் வேலை முடியவில்லை. இந்த இடத்தில் பொறுமை இழந்து அடுத்த கல்லுக்குத் தாவியவர்கள்தான், பின்னால் 12000 எண் கல்லில் நூற்றுக்கணக்கான முறை தேய்த்துவிட்டுக் கல் சரியில்லை என்கிறார்கள். இங்கே ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

அதன் பின் 4000 அல்லது 5000, பிறகு 8000, கடைசியில் 12000 என்று போகலாம். ஒவ்வொரு கல்லின் வேலையும் முந்திய கல்லின் கீறல்களை அழிப்பதே. கண்ணாடி வழியே பழைய கீறல் தெரியும்வரை அடுத்ததற்கு நகர வேண்டாம். எண் ஏற ஏற அழுத்தம் குறைய வேண்டும், கடைசிக் கல்லில் கத்தியின் எடை மட்டும். நன்றாக மெருகேறும் கட்டத்தில், கத்தி நீரின் மேல் மிதப்பது போல வழுக்காமல், கல்லோடு ஒட்டிக்கொண்டு சற்றே இழுப்பது போல விரலுக்குத் தெரியும். பெல்ஜியத்தில் வெட்டியெடுக்கும், நுண்ணிய கார்னெட் துகள்கள் நிறைந்த கோட்டிகூல் போன்ற இயற்கைக் கற்களும் நல்ல மெருகைத் தரும். ஆனால் அவற்றுக்கு எண் கிடையாது, ஒன்று போல ஒன்று இராது. கற்பவருக்கு எண் போட்ட செயற்கைக் கல்லே நல்லது.

ஒரு பக்கம் மழிக்கிறது, மற்றொரு பக்கம் மழிக்கவில்லை

நுனியும் அடியும் தகராறு செய்வது சகஜம். மார்க்கர் மை இங்கேயும் உண்மையைச் சொல்லும். அடியில் மட்டும் மை எஞ்சினால், அலகின் அடியில் உள்ள தடித்த தோள்பட்டை கல்லின் ஓரத்தில் ஏறிக்கொண்டு கத்தியைத் தூக்குகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தத் தோள் கல்லுக்கு வெளியே இருக்கும்படி கத்தியைச் சற்று நகர்த்திப் பிடித்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். நுனியில் மை எஞ்சினால், தள்ளிக்கொண்டே கத்தியைக் குறுக்காக நகர்த்தி, அடியில் தொடங்கி நுனியில் முடியும்படி இழுக்க வேண்டும்.

வாய் நேர்க்கோடாக இல்லாமல் புன்னகை போல வெளிப்பக்கம் வளைந்திருக்கும் கத்திகளும் உண்டு. அது குறையன்று, பல நல்ல கத்திகள் அப்படியே செய்யப்பட்டவை. தட்டையாக வைத்துத் தள்ளினால் நடு மட்டும் தேயும். ஆகவே குறுக்கு நகர்வோடு, கத்தி அடியிலிருந்து நுனிக்குப் போகப் போக அழுத்தத்தையும் மெல்ல அடியிலிருந்து நுனிக்கு மாற்றி, உருளுவது போலத் தேய்க்க வேண்டும். வாய் உள்பக்கம் குழிந்திருந்தாலோ, அலகே முறுக்கிக்கொண்டிருந்தாலோ கதை வேறு. அவற்றை நேராக்க நிறைய எஃகை எடுக்க வேண்டியிருக்கும். அதைக் கற்றவர் கையில் கொடுப்பதே நல்லது.

முடி போகிறது, ஆனால் முகம் எரிகிறது

கூர் இருக்கிறது, சுகம் இல்லை. இதற்குக் காரணம் பெரும்பாலும் கைதான்: கத்தியின் எடைக்கு மேல் அழுத்துவது, முடி வளரும் திசைக்கு எதிராக முதல் தடவையிலேயே இழுப்பது, நுரை இல்லாத இடத்தில் இன்னொரு முறை தடவுவது. ஒரு வாரம் முடியின் திசையில் மட்டும், ஒரே தடவை மழித்துப் பார்த்தால் எரிச்சல் நிற்கிறதா என்று தெரிந்துவிடும். நின்றால் கத்தி நிரபராதி.

நிற்கவில்லை என்றால், வாயில் இரண்டில் ஒன்று நடந்திருக்கலாம். 8000க்கும் கீழான கல்லின் கீறல்கள் வாய் வரை வந்து, கண்ணுக்குத் தெரியாத ரம்பப் பற்களாக நிற்பது ஒன்று. மெருகுக் கல்லில் மேலும் இருபது முப்பது முறை தேய்த்தால் சரியாகும். மற்றது பிசிறு. ஒரே கல்லில் அளவுக்கு மேல் தேய்க்கும்போது வாயின் விளிம்பில் ஆதரவற்ற மெல்லிய எஃகுத் தகடு நீண்டு நிற்கும். முதல் கன்னத்தை அற்புதமாக மழிக்கும், மறு கன்னத்துக்கு வருவதற்குள் ஒடிந்து கிழிசலாகும். "முதல் பாதி சுகம், மறுபாதி எரிச்சல்" என்று யாரேனும் சொன்னால் நான் பிசிறைத்தான் சந்தேகிப்பேன். அதை நீக்க, கல்லின் விளிம்பில் வாயை நிமிர்த்தி, எடையே இல்லாமல், ஒரே ஒருமுறை நீளவாக்கில் இழுக்க வேண்டும். கூர் போய்விட்டதே என்று மனம் பதறும். 8000 எண் கல்லில் சில முறையும் மெருகுக் கல்லில் சில முறையும், ஒவ்வொரு தள்ளலுக்கும் பக்கம் மாற்றி, இலேசாகத் தேய்த்தால் இம்முறை பிசிறில்லாத வாய் கிடைக்கும்.

ஒவ்வொரு முறையும் ஒரே கீறல்

கன்னத்தில் நேர்க்கோடாக ஒரு மெல்லிய சிவப்புக் கீறல் விழுகிறது, அதுவும் கத்தியின் ஒரே பகுதி பட்ட இடத்தில் விழுகிறது என்றால், அது கையின் பிழையன்று. வாயில் ஒரு பெயர்வு இருக்கிறது. அந்தக் கத்தியால் அன்று மேற்கொண்டு மழிக்க வேண்டாம். விளக்கின் கீழ் புள்ளி மின்னும்; மின்னாவிட்டால், சிறு பஞ்சுத் துணுக்கை முதுகிலிருந்து வாய் நோக்கி இழுத்துப் பார்த்தால் அந்த இடத்தில் இழை சிக்கும். குழாயில் இடித்தது, கழுவும் தொட்டியில் விழுந்தது, மூடும்போது வாய் கைப்பிடியில் உரசியது ஆகியவை வழக்கமான காரணங்கள். கடைசியானதைச் சோதிக்க, கத்தியை மெல்ல மூடி, வாய் கைப்பிடியின் இரண்டு பட்டைகளுக்கும் நடுவில் இறங்குகிறதா என்று மேலிருந்து பார்த்தால் போதும்.

பெயர்வு மிகச் சிறிதாக இருந்தால் 4000 எண் கல்லிலேயே தீரும். நகம் சிக்கும் அளவுக்கு இருந்தால் 1000க்குப் போக வேண்டும். பெயர்ந்த இடத்தை மட்டும் தேய்த்துச் சரிசெய்ய முயலக் கூடாது, வாய் அங்கே குழிந்துவிடும். முழு நீளமும் அந்தப் பெயர்வின் ஆழம் வரை சமமாக இறங்கி வர வேண்டும்.

பெட்டியில் கிடந்த கத்தி தானாக மழுங்கியது

சும்மா இருந்த கத்தியை மழுக்குவது துரு. கரிம எஃகு ஈரத்தைப் பொறுக்காது. கண்ணுக்குத் தெரியும் செந்நிறப் புள்ளி வருவதற்கு முன்பே, ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமனுள்ள வாயின் விளிம்பைத் துரு அரித்துவிடும். துருப்பிடிக்காத எஃகு என்று முத்திரை குத்தியதும் தாமதமாகத் துருப்பிடிக்கும், அவ்வளவுதான். தண்ணீர் தங்கும் இடம் எப்போதும் ஒன்றே: அச்சாணியைச் சுற்றியும் கைப்பிடியின் உட்புறமும். கத்தியைத் துடைத்துவிட்டு உடனே மூடினால், உள்ளே நின்ற துளி இரவு முழுதும் வாயின் அருகிலேயே இருக்கிறது.

ஆகவே சவரம் முடிந்ததும் கைப்பிடியை நனைக்காமல் அலகை மட்டும் கழுவி, மெல்லிய துணியால் முதுகிலிருந்து வாய் நோக்கித் துடைத்து, துணிப்பட்டையில் பத்து முறை இழுத்து, ஒரு மணி நேரமாவது திறந்து வைத்துப் பிறகு மூட வேண்டும். குளியலறையில் வைக்கக் கூடாது. வாரக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் தையல் இயந்திரத்துக்கு இடும் மென்மையான கனிம எண்ணெயை ஒரு சொட்டு விட்டுப் பூசி வைக்கலாம். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுக்காக இறுகிவிடும். எண்ணெய் பூசிய கத்தியை வாரில் வைப்பதற்கு முன் நன்றாகத் துடைத்துவிட வேண்டும்.

துரு வாய்க்கு எட்டாமல் அலகின் நடுவில் மட்டும் இருந்தால், உலோக மெருகுப் பசையால் வாயை நோக்கித் தள்ளாமல் முதுகின் பக்கமாகத் தேய்த்து எடுக்கலாம். வாயை ஒட்டிக் கரும்புள்ளியாகக் குழி விழுந்திருந்தால், மேலே பளபளப்பாக்குவது பயன் தராது. இன்று தேய்த்து மறைத்தாலும் அடுத்தடுத்த தீட்டலில் வாய் அந்தக் குழிக்குள் இறங்கும், மறுபடி பெயரும். குழியின் அடி வரை தேய்க்க எஃகு மிச்சமிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அந்தக் கத்தியில் மாலைப் பொழுதைச் செலவிட வேண்டும்.

மோவாயில் மட்டும் இழுக்கிறது

மோவாயிலும் மேலுதட்டிலும் முடி தடித்தும் நெருக்கமாகவும் வளர்கிறது, அங்கே பரப்பும் வளைவானது. கன்னத்தில் சுகமாகப் போகும் கத்தி இங்கே மட்டும் தயங்கினால் கல்லைத் தொட வேண்டாம். மோவாயைக் கடைசியாக மழித்தால் நுரையில் அது கூடுதலாக ஊறும். கீழுதட்டைப் பல்லின் மேல் மடித்து இழுத்தால் தோல் தட்டையாகும். நீண்ட இழுப்புக்குப் பதில் அரை அங்குலக் குறுகிய இழுப்புகள் போதும். இத்தனைக்குப் பிறகும் தயங்கினால், அடுத்த சவரத்தில் கத்தியின் நடுப்பகுதிக்குப் பதில் அடிப்பகுதியால் அதே இடத்தை மழித்துப் பாருங்கள். அடி சுகமாகப் போகிறது, நடு தயங்குகிறது என்றால், தினமும் அதிகம் உழைக்கும் நடுப்பகுதிதான் முதலில் களைத்திருக்கிறது. அப்போது மெருகுக் கல்லை நனைக்கலாம்.